காலதரும் விண்டோவும்

ஆங்கில இலக்கியத்தில் முதுகலை படித்து, பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்கான தேர்வுக்கு ஆயத்தமாகும் வாசகர்களிடமிருந்தும் அவர்களுடைய பெற்றோரிடமிருந்தும் இம்முறை நான்கு கடிதங்கள் வந்துள்ளன. நான்கும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. எழுதியவர்களின் பெயர்களை விடுத்து, ஊரை மட்டும் குறிப்பிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி (மண்டபம், வாசகி): ஐயா, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் முதுகலை முடித்தேன். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறார். பயிற்சி மையத்தில் சேர வசதியில்லை. இலக்கியப் பகுதிகளை ஒருவாறு படித்துவிட்டேன். ஆங்கில மொழி வரலாறு மட்டும் மனத்தில் நிற்கவில்லை. வெறும் ஆண்டுகளும் படையெடுப்புகளும் சட்டங்களுமாகத் தெரிகின்றன. தமிழ் வழியில் படித்ததால்தான் இப்படியோ என்று வருத்தமாக இருக்கிறது. எப்படிப் படிப்பது? எந்த நூல்களைப் படிப்பது?

பதில்: தமிழ் வழியில் படித்ததை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை அது உங்கள் கையில் இருக்கும் முதல் கருவி என்பது, இதே பாடத்தைப் பல ஆண்டுகள் நடத்திய எனது உறுதியான கருத்து. ஆங்கில மொழியின் வரலாறு என்பது, ஒரு மொழி பேசிய மக்களிடையே வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வேலையாக வந்த அயலார், தாம் செய்த வேலைக்கு ஏற்ற சொற்களை விட்டுச்சென்ற கதை. கடற்கரையில் வளர்ந்த தமிழருக்கு அந்தக் கதை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை.

உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஜன்னல், சாவி, அலமாரி ஆகிய மூன்றும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்த சொற்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள வேதாளையில் 16ஆம் நூற்றாண்டிலேயே போர்த்துக்கீசியர் இருந்திருக்கிறார்கள். இனி வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். தாலுகா, வசூல், ஜப்தி, ஜாமீன், வக்கீல் எல்லாம் பாரசீகம், அரபு ஆகியவற்றின் வழி வந்தவை. கடலோடும் வணிகரும் குடியேறியவர்களும் வீட்டுப் பொருள்களின் பெயர்களைத் தந்தார்கள். ஆட்சி செய்தவர்கள் வரியும் வழக்கும் சார்ந்த சொற்களைத் தந்தார்கள். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு வாருங்கள்.

793இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையிட்ட வடகடல் மக்கள், பின்னர் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, உழுது, பெண் கொடுத்துப் பெண் எடுத்து வாழ்ந்தார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலம் பெற்றவை எக், ஸ்கை, ஸ்கர்ட், நைஃப் போன்ற அன்றாடச் சொற்கள். அதைவிட வியப்பானது, ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’ என்னும் சொல்லே அவர்களுடைய ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து வந்தது என்பது. ஒரு மொழி பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவது எளிது. பிரதிப்பெயரைக் கடன் வாங்க வேண்டுமானால் இரு மக்களும் ஒரே அடுப்பங்கரையில் பேசியிருக்க வேண்டும். 1066இல் வந்த நார்மானியரோ ஆளவந்தவர்கள். ஜட்ஜ், கோர்ட், ஜூரி, பார்லிமென்ட், டாக்ஸ் என்று அவர்கள் தந்தவற்றில் பெரும்பகுதி நம்முடைய ஜப்தி, ஜாமீன் இருக்கும் அதே அறையில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, 1362இல், நீதிமன்றங்களில் ஆங்கிலத்திலேயே வாதாட வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டமே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டிருந்தது. இதைப் படித்த பிறகும் 1362 என்னும் ஆண்டு உங்களுக்கு மறக்குமா?

ஒரே ஒரு சொல்லைச் சற்று அருகில் வைத்துப் பார்ப்போம். ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு ‘விண்டோ’ என்கிறோம். அதுவும் அந்த ஸ்காண்டிநேவியர் தந்த சொல்தான். அதன் பழைய வடிவம் ‘விண்டௌகா’. ‘விண்ட்’ என்றால் காற்று, ‘ஔகா’ என்றால் கண்; காற்றின் கண். இப்போது சிலப்பதிகாரத்தில் இந்திரவிழவூர் எடுத்த காதையைத் திறந்து பாருங்கள். புகார் நகரத்து மாளிகைகளைச் சொல்லுமிடத்தில் ‘மான்கட் காலதர் மாளிகை’ என்று வருகிறது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர். அதற்கு அடைமொழியாக மானின் கண். வடகடலில் ஒரு மக்களும் காவிரி கடலோடு கலக்குமிடத்தில் ஒரு மக்களும், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, சுவரில் இட்ட ஒரு திறப்பைப் பார்த்துக் காற்றையும் கண்ணையும் நினைத்திருக்கிறார்கள். காலதரை நாம் விட்டுவிட்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டோம்; பழைய ஆங்கிலேயரும் ‘கண் துளை’ என்று பொருள்படும் தங்கள் சொல்லை விட்டுவிட்டு விண்டோவைப் பிடித்துக்கொண்டார்கள். சொற்கடன், சொல்லாக்கம், வழக்கொழிதல் என்று பாடநூல் மூன்று தலைப்புகளில் சொல்வதை இந்த ஒரு சொல்லிலேயே கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு நிகழ்ச்சி, காற்றுக்குக் காத்திருந்து பழகிய உங்கள் ஊராருக்கு நன்றாகப் புரியும். இங்கிலாந்தில் 1476இல் அச்சகம் நிறுவிய காக்ஸ்டன், 1490இல் தாம் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார். தேம்ஸ் ஆற்றிலிருந்து கடல் தாண்டிச் செல்லவேண்டிய வணிகர் சிலர், காற்று இல்லாததால் கரையோரம் தங்கி, உணவு தேடி இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் ‘எக்ஸ்’ வேண்டும் என்று கேட்கிறார். வீட்டுக்காரப் பெண்மணி, தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்கிறார். வணிகருக்கும் பிரெஞ்சு தெரியாது, சினம் வருகிறது. பிறகு இன்னொருவர் ‘ஐரன்’ வேண்டும் என்று கேட்டதும், புரிந்தது என்கிறார் அந்த அம்மா. இரண்டும் முட்டைதான். ஒன்று வடக்கில் பரவிய ஸ்காண்டிநேவியச் சொல், மற்றது தெற்கில் எஞ்சிய பழைய ஆங்கிலச் சொல். எந்தச் சொல்லை அச்சிடுவது என்று தெரியாமல் காக்ஸ்டன் தவித்திருக்கிறார். வட்டார வழக்குகளுக்கு நடுவே ஒரு பொது எழுத்து மொழி எப்படி உருவாகிறது என்னும் பெரிய கேள்வி இந்தச் சிறு காட்சிக்குள் முழுவதும் அடங்கியிருக்கிறது. தேர்வில் ‘காக்ஸ்டன், 1476’ என்று பொருத்தச் சொன்னால் உங்கள் நினைவுக்கு அந்த முட்டை வர வேண்டும்.

எழுத்துக்கும் ஒலிக்கும் பொருத்தமில்லையே என்று ஆங்கிலத்தின் மேல் எல்லோரும் குறைப்படுகிறார்கள். அதற்குக் காரணம் நீண்ட உயிரொலிகளின் பெருமாற்றம். ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை ஆங்கிலத்தின் நெடில்கள் ஒவ்வொன்றும், ஒலிக்கும்போது நாக்கு நிற்கும் இடத்தில், ஒரு படி மேலே ஏறின. மேலே ஏற இடமில்லாதவை இரட்டை ஒலிகளாயின. 1400இல் இறந்த கவிஞர் சாசர், ‘நேம்’ என்பதை ‘நாம’ என்றும், ‘டைம்’ என்பதை ‘டீம’ என்றும், ‘ஹவுஸ்’ என்பதை ‘ஹூஸ்’ என்றும், ‘மூன்’ என்பதை ‘மோன்’ என்றும் ஏறக்குறைய ஒலித்திருப்பார். (‘நாம’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நாம் வழங்கும் நாமம் அதற்கு உறவுச் சொல்லே.) இந்த ஏற்றம் முடிவதற்குள் அச்சகம் எழுத்தைக் கட்டிப்போட்டுவிட்டது. ‘போகிறேன்’ என்று எழுதிவிட்டுப் ‘போறேன்’ என்று சொல்லும் நமக்கு இது விளங்காத செய்தியா? எழுத்து பழைய ஒலியைக் காட்டும், வாய் புதிய ஒலியைச் சொல்லும். தமிழில் நாம் இந்த இரட்டை வாழ்க்கையைப் பிறந்தது முதல் வாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

கிரிம் விதியையும் அப்படியே நம் பக்கத்திலிருந்து அணுகுங்கள். இந்தோ ஐரோப்பிய மூல மொழியின் ப, த, க ஒலிகள், ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானியக் கிளையில் முறையே ஃப, த்ஹ, ஹ என்றாகும். ப, த, க ஆகியவற்றின் ஒலிப்புடைய வடிவங்கள், அதாவது தொண்டை அதிர ஒலிப்பவை, அந்த ஒலிப்பை இழக்கும். இது 1822இல் யாக்கோப் கிரிம் விளக்கிய ஒழுங்கு. தமிழில் நாம் வழங்கும் வடசொற்களே இதற்குப் போதும். பாதம், ஃபுட்: முதலில் ப ஃப ஆயிற்று, இடையில் ஒலிப்புள்ள ‘த’ ‘ட்’ ஆயிற்று. தந்தம், டூத்: முதலில் ஒலிப்புள்ள ‘த’ ‘ட்’ ஆயிற்று, கடைசியில் ‘த’ ‘த்ஹ’ ஆயிற்று. ஒரு சொல்லில் இரண்டு மாற்றங்கள் கிடைப்பதால் இவ்விரண்டு இணைகளை நான் வகுப்பில் எப்போதும் முதலில் சொல்வேன். பிதா, ஃபாதர் என்னும் இணையை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். அதில் எச்சரிக்கை தேவை. முதல் எழுத்து விதிக்கு உட்படும். நடு எழுத்து உட்படாது. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஃபேடர்’ என்று ‘ட’ ஒலியோடுதான் இருந்தது. இந்த விலக்கு சொல்லின் அழுத்தம் எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்தது என்று 1870களில் கண்டுபிடித்தவர் வெர்னர். கிரிம் விதிக்கும் வெர்னர் விதிக்கும் உள்ள உறவை இப்படி ஒரே சொல்லில் புரிந்துகொண்டால், கூற்று, காரணம் என்று இரண்டு வரி கொடுத்துக் குழப்பும் வினாக்கள் உங்களை அசைக்கமாட்டா.

ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்ததையும் மறக்க வேண்டாம். சுருட்டு ‘செரூட்’ ஆயிற்று; மிளகுத்தண்ணீர் ‘முல்லிகடானி’ ஆயிற்று; அணைக்கட்டு ‘அனிகட்’ ஆயிற்று. இவற்றுள் கட்டுமரத்தின் கதை பாடத்துக்கு நேரடியாக உதவும். 1697இல் வெளிவந்த, ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலில், சோழமண்டலக் கரையில் மரக்கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவைகளுக்கு இப்பெயர் வழங்குவதாக வருகிறது. இன்று ஆங்கிலத்தில் ‘கட்டமரன்’ என்றால் இரண்டு உடல்களை இணைத்துச் செய்த படகு. விரைந்து செல்லும் பெரிய பயணிக் கப்பலுக்கும் அதே பெயர். கயிற்றால் மரத்தைக் கட்டுவது என்னும் மூலப்பொருள் ஆங்கிலேயருக்குத் தெரியாது. ஒன்றுக்கு மேற்பட்டவை இணைந்தது என்னும் கருத்து மட்டும் மிஞ்சி, பொருள் நகர்ந்துவிட்டது. பொருள்மாற்றம் என்னும் பகுதிக்கு நீங்கள் எழுதிவைக்க வேண்டிய முதல் எடுத்துக்காட்டு உங்கள் கரையில் கிடக்கிறது.

நூல்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எஃப். டி. வுட் எழுதிய சிறிய வரலாற்றை முதலில் இரண்டு முறை படியுங்கள். பிறகு ஆல்பர்ட் பா என்பவர் எழுதிய பெரிய வரலாற்று நூலில் வேண்டிய இயல்களை மட்டும் படியுங்கள். இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நீங்கள் படித்த கல்லூரியின் நூலகரிடம் பழைய மாணவி என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்து படிக்க அனுமதி கேளுங்கள், கொடுப்பார்கள். ஆண்டுகளைத் தனிப் பட்டியலாக எழுதாதீர்கள். நான் மாணவனாக இருந்தபோது அப்படி எழுதி, ஒரு நோட்டு முழுவதையும் ஒப்பித்து, தேர்வில் நான்கு நிகழ்ச்சிகளைக் கால வரிசைப்படுத்தச் சொன்னபோது இரண்டைத் தலைகீழாக மாற்றி எழுதியிருக்கிறேன். ஒவ்வோர் ஆண்டுக்கும் கீழே ‘அதனால் மொழியில் என்ன நடந்தது’ என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வராத ஆண்டை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இந்தத் தேர்வு பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை, ஜூன், டிசம்பர் என்னும் கணக்கில் நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஆதலால், உங்கள் தெருவில் ஆண்கள் பலரும் வீட்டிலிருக்கும் நாள்களும் உங்கள் படிப்பின் கடைசி நாள்களும் ஒன்றாக வரும். இரைச்சலைத் தவிர்க்க முடியாது. பெரிய இயல்களை மாசி, பங்குனிக்குள் முடித்துவிட்டு, தடைக்காலத்தைப் பழைய வினாத்தாள்களுக்கு ஒதுக்குங்கள்.

கேள்வி (கீழக்கரை, வாசகர்): ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் படிக்கிறேன். பேக்கன், அடிசன், ஜான்சன், லாம்ப் ஆகியோரின் உரைநடையைக் கைடு வழியாகத்தான் படித்திருக்கிறேன். மூலத்தைத் திறந்தால் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடுகிறது; முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடுகிறது. தேர்வுக்கு மூலம் தேவையா? கைடு போதாதா?

பதில்: தேவை. ஒரு வரியை எடுத்துக் கொடுத்து எழுதியவர் யார் என்று கேட்கும் வினாக்கள் வருகின்றன. உரைநடைப் பகுதி ஒன்றைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் வினாக்களும் வருகின்றன. கைடு ஆசிரியரின் கருத்தைச் சொல்லுமே தவிர அவருடைய குரலைச் சொல்லாது. எல்லாவற்றையும் மூலத்தில் படிக்க உங்களுக்கு நேரமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஓர் ஆசிரியருக்கு ஒரு கட்டுரை என்று வைத்துக்கொண்டு அதை மெதுவாகப் படியுங்கள்.

வாக்கியம் நீளமாக இருப்பதால் தொடக்கம் மறக்கிறது என்கிறீர்கள். தமிழில் வினைமுற்று கடைசியில் வரும். அதுவரை நாம் பொறுமையாகக் காத்திருப்போம். ஆங்கிலத்தில் வினை பெரும்பாலும் எழுவாயை அடுத்தே வந்துவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் அதோடு சேர்த்துக் கட்டிய வால். அந்த வினை கடந்துபோனதைக் கவனிக்காமல் கடைசி வரை நாம் காத்திருப்பதால்தான் தடுமாற்றம் வருகிறது. ஆகவே பென்சிலை எடுத்து, முதலில் முதன்மை வினையைத் தேடி அடிக்கோடிடுங்கள். பிறகு யார் செய்தது என்று கேளுங்கள். மற்றவை தாமாக இடத்தில் அமரும்.

ஆனால் ஜான்சனிடம் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. 1759இல் வெளிவந்த ‘ராஸலஸ்’ கதையின் முதல் வாக்கியத்தை நான் தமிழில் தருகிறேன்: ‘கற்பனையின் கிசுகிசுப்புகளை நம்பிக் கேட்பவர்களே, நம்பிக்கையின் மாயத் தோற்றங்களை ஆவலோடு துரத்துபவர்களே, இளமை அளித்த வாக்குகளை முதுமை நிறைவேற்றும் என்றும், இன்றைய குறைகளை நாளை ஈடுசெய்யும் என்றும் எதிர்பார்ப்பவர்களே, அபிசீனிய இளவரசன் ராஸலஸின் வரலாற்றைச் செவிமடுங்கள்.’ ஆங்கிலத்திலும் செவிமடுங்கள் என்னும் ஏவல் வினை, அத்தனை விளிகளையும் சுமந்த பிறகுதான் வருகிறது. வாக்கிய அமைப்பை மாற்றாமலேயே தமிழில் சொல்ல முடிகிறது. நம் உரையாசிரியர்களின் நீண்ட வாக்கியங்களைப் படித்துப் பழகியவருக்கு ஜான்சன் அயலார் அல்லர். தாயின் இறுதிச் சடங்குச் செலவுக்காக ஒரு வாரத்து மாலை நேரங்களில் ஜான்சன் இதை எழுதினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதிய பாஸ்வெல் குறித்திருக்கிறார். அதை அறிந்த பிறகு அந்த முதல் வாக்கியத்தை மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

பேக்கன் இதற்கு நேர் எதிர். அவருடைய கட்டுரைத் தொகுதி 1597இல் 10 கட்டுரைகளோடும், 1612இல் 38 கட்டுரைகளோடும், 1625இல் 58 கட்டுரைகளோடும் வந்தது. இந்த மூன்று எண்களும் தேர்வுக்கு வேண்டியவை. கல்வியைப் பற்றிய கட்டுரை முதல் தொகுதியிலேயே உள்ளது. அதில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி: ‘ரீடிங் மேக்கத் எ ஃபுல் மேன், கான்ஃபரன்ஸ் எ ரெடி மேன், அண்ட் ரைட்டிங் அன் எக்ஸாக்ட் மேன்.’ வாசிப்பு மனிதனை நிறைவுள்ளவனாக்கும், உரையாடல் ஆயத்தமுள்ளவனாக்கும், எழுத்து துல்லியமுள்ளவனாக்கும் என்பது பொருள். இதில் ‘மேக்கத்’ ஒருமுறைதான் வருகிறது. அடுத்த இரண்டு இடங்களிலும் அதை நாம் வருவித்துக்கொள்ள வேண்டும். குறளில் சொல்லெச்சத்தை வருவித்துப் பொருள் கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு இது இயல்பாக வரும். அடுத்து ‘மேக்கத்’ என்னும் வடிவத்தைப் பாருங்கள். இன்று ‘மேக்ஸ்’ என்போம். பேக்கன் காலத்தில் இரண்டு ஈறுகளும் அருகருகே வழங்கின. வடக்கிலிருந்து வந்த ‘ஸ்’ பின்னர் வென்றது. ‘கான்ஃபரன்ஸ்’ என்றால் இன்று கூட்டம், மாநாடு. அன்று இருவர் கூடிப் பேசினாலே போதும். ஆக, ஒரே வரிக்குள் உரைநடை அமைதி, வினை ஈற்றின் வரலாறு, பொருள்மாற்றம் மூன்றும் இருக்கின்றன. மொழி வரலாற்றையும் உரைநடையையும் இரண்டு பாடங்களாகப் பிரித்துப் படிப்பதால்தான் இரண்டும் கடினமாகின்றன என்று நான் நினைப்பதற்கு இந்த வரியே சான்று.

அடிசனை அவர் எழுதிய சூழலோடு படியுங்கள். நூல்களை அச்சிட முன் அனுமதி வேண்டும் என்று 1643இல் ஆங்கில நாடாளுமன்றம் ஆணையிட்டது. அதை எதிர்த்து 1644இல் மில்டன் ‘அரியோபஜிட்டிகா’ எழுதினார். அனுமதிச் சட்டம் 1695இல் காலாவதியானது. 1702இல் முதல் ஆங்கில நாளிதழ் வந்தது. 1709இல் ஸ்டீலின் ‘டாட்லர்’, 1711இல் அடிசனும் ஸ்டீலும் சேர்ந்து நடத்திய ‘ஸ்பெக்டேட்டர்’, 1750இல் ஜான்சனின் ‘ராம்ப்ளர்’. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்த வரிசை இது; காரணம் தெரிந்தால் ஆண்டு தடம் மாறாது. ‘ஸ்பெக்டேட்டர்’ பத்தாம் இதழில் அடிசன், நாள்தோறும் 3000 படிகள் செல்வதாகவும், ஒரு படிக்கு 20 பேர் என்று கணக்கிட்டால் 60,000 வாசகர் என்றும் எழுதுகிறார். தத்துவத்தை நூலகங்களிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் வெளியே கொண்டுவந்து, தேநீர் மேசைகளிலும் காப்பிக் கடைகளிலும் குடியமர்த்தியவன் என்று பெயர் பெற விரும்புவதாகவும் அங்கேயே சொல்கிறார். ஒரு நாளிதழைத் தாள் தாளாகப் பிரித்து இருபது பேர் படிக்கும் தேநீர்க் கடை உங்கள் ஊரில் இருக்கும். அங்கே உட்கார்ந்து அந்தப் பத்தாம் இதழைக் கைப்பேசியில் படித்துப் பாருங்கள். காப்புரிமை கடந்த நூல் ஆதலால் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும்.

லாம்பைக் கடைசியில் வைத்தது உங்களுக்காகத்தான். 1792 முதல் 1825 வரை இலண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் கணக்கெழுதியவர் அவர். பகலில் பேரேடு, இரவில் கட்டுரை. ‘எலியா’ என்னும் புனைபெயரில் எழுதியவை 1823இலும் 1833இலும் தொகுதிகளாயின. பணி ஓய்வுக்குப் பின், தன் கையில் திடீரென்று நேரம் வந்து நின்றதைக் கண்டு திகைப்பவரின் மனநிலையை அவர் 1825இல் ஒரு கட்டுரையாக எழுதினார். கணக்கு மேசையில் ஆண்டுகளைக் கழித்தவருக்கு அந்தக் கட்டுரைக்குக் கைடு எதுவும் வேண்டியதில்லை. ‘கனவுக் குழந்தைகள்’ கட்டுரையை அதன் பிறகு படியுங்கள். ஸ்விஃப்ட், ஹாஸ்லிட், ரஸ்கின், ஆர்னால்டு ஆகியோருக்கு இப்போதைக்கு ஆளுக்குச் சில பக்கங்கள் போதும்.

கேள்வி (தொண்டி, வாசகர்): என் மகள் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இப்போதே விண்ணப்பிக்கலாமா? உதவித்தொகை எவ்வளவு? என்னென்ன சான்றுகள் வேண்டும்?

பதில்: இறுதி ஆண்டு மாணவர் விண்ணப்பிக்கலாம், முதுகலையில் பொதுப் பிரிவினர் 55 விழுக்காடும், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் 50 விழுக்காடும் பெற வேண்டும். உதவித்தொகைக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. முதல் தாளில் 50 வினாக்கள், பாடத் தாளில் 100 வினாக்கள், இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை, எனவே எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். தேர்ச்சி பெற்று முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டபடி, முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும்.

சான்றுகளில் ஒன்றை வலியுறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் நாம் வைத்திருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று இதற்குச் செல்லாது, நடுவணரசின் ஓ.பி.சி. படிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்று குறிப்பிட்ட சான்று வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமிருந்து பெறுவது. படிவம் மாறியிருந்ததால் பொதுப் பிரிவில் வைக்கப்பட்டு, சில மதிப்பெண்களில் உதவித்தொகையை இழந்த ஒரு மாணவரை நான் அறிவேன். அவருடைய உழைப்பை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. அறிவிக்கை வருமுன்பே அந்தச் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி (இராமேசுவரம், வாசகி): ‘இந்தியாவில் ஆங்கிலம்’ என்னும் பகுதிக்கு மெக்காலேயின் 1835 குறிப்பு மட்டும் படித்தால் போதுமா?

பதில்: போதாது. 1786இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று பேசினார். 1813இல் கம்பெனிக்கு வழங்கிய பட்டயச் சட்டம், கல்விக்கு ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் ஒதுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை எந்தக் கல்விக்குச் செலவிடுவது என்னும் விவாதத்தில்தான் 1823இல் ராம்மோகன் ராயின் கடிதமும் 1835இல் மெக்காலேயின் குறிப்பும் எழுந்தன. 1854இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை, 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள். மெக்காலேயைப் படிக்கும்போது, தமக்குச் சமஸ்கிருதமோ அரபோ தெரியாது என்று அவரே ஒப்புக்கொள்ளும் வரியையும், அதன் பின்னர், நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஒரு தட்டு இந்தியா, அரேபியா ஆகியவற்றின் இலக்கியம் முழுவதற்கும் ஈடாகும் என்று அவர் எழுதும் வரியையும் ஒரே பக்கத்தில் குறித்துவையுங்கள். உரைநடையின் வீச்சு பெரிது. அதை ஏற்கும்போது அந்த ஒப்புதலையும் கூடவே நினைக்க வேண்டும்.

அவருக்கு 19 ஆண்டுகள் முன்னரே, வேறு வகையான ஆங்கிலேயர் ஒருவர் சென்னையில் இருந்தார். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், தமிழை முறையாகக் கற்று, குறளின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து உரை எழுதியவர். 1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி தொடங்கக் காரணமானவர். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக் குடும்பம் என்று 1816இல் சான்றுகளோடு எழுதினார். அது தனி நூலாக வரவில்லை. கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு முன்னுரைக் குறிப்பாக வந்தது. அதனால் பலர் கண்ணில் படாமல் போய், கால்டுவெல் 1856இல் எழுதிய ஒப்பிலக்கணத்தையே தொடக்கமாகச் சொல்லும் வழக்கம் நிலைத்துவிட்டது. தேர்வு எழுதுவோர் தவறும் இடமும் இதுதான். எல்லிஸ் 1819 மார்ச்சில் இறந்தார்; அப்போது அவர் தங்கியிருந்த ஊர் இராமநாதபுரம். எல்லிஸ் 1816, கால்டுவெல் 1856 என்று இரண்டையும் ஒரே வரியில் எழுதி, எல்லிஸின் பெயருக்குப் பக்கத்தில் உங்கள் மாவட்டத்தின் பெயரையும் குறித்துவையுங்கள்.